படம் பார்த்து மாட்டின டிரம்ஸ்

முப்பதைத் தாண்டினதுமே நம்ம செட்டுக்கு இடுப்பு வலி, முட்டி வலி, காதோரம் வெள்ளை முடின்னு எல்லாம் வந்தாச்சு. நம்ம பிள்ளைங்க கண்ணுக்கு நாம கிழங்கட்டைங்கதான். போன வாரம் என் பையன் போன்ல என்னமோ வீடியோ பாத்துட்டு வந்து, "அம்மா, இதுக்குப் பேரு ஸ்னேர், இது ஹை-ஹேட், இது ஃப்ளோர் டாம்"னு எனக்குப் பாடம் நடத்துறான். எனக்கு! அந்த ஹை-ஹேட்டைப் புளி போட்டுத் தேச்சவடா நான்னு சொன்னேன். அவன் நம்பல.

முதுநகர் சர்ச்சுல என்கூட சண்டே ஸ்கூல்ல உக்காந்து, ஜெபம் நடக்கும்போது ஒத்தைக்கண்ணைத் திறந்து பாத்தவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். பாதிக் கதை உங்களுக்கே ஞாபகம் இருக்கும். மீதி தெரியாது. ஏன்னா அந்த மீதியைச் செஞ்சது நான். இத்தனை வருஷமா வெளியில வாயைத் திறக்கல.

சுனாமி வந்து மூணு வருஷம் ஆகியிருந்துச்சு. எனக்குப் பன்னெண்டு வயசு, அக்காவுக்குப் பதினாலு. மஸ்கட்ல வேலை பாத்த பெரியப்பா லீவுல வந்தப்ப சர்ச்சுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசைப்பட்டு, மெட்ராஸ்ல ஒரு டிரம்ஸ் செட்டு வாங்கி லாரி பார்சல்ல போட்டு விட்டுட்டு பிளேன் ஏறிட்டாரு. அதுவரைக்கும் நம்மகிட்ட இருந்தது ஒரு கீபோர்டு, ஒரு டோலக்கு, சலங்கை பாதி உதிர்ந்துபோன ஒரு டாம்பரின். அவ்ளோதான்.

ஒரு சனிக்கிழமை அஞ்சு அட்டைப்பெட்டி வந்து எறங்குச்சு. மாமாதான் பிரிச்சாரு. மாமான்னா அம்மாவோட கூடப்பொறந்த அண்ணன், சர்ச் செகரெட்டரி. கரண்ட் ஆபீஸ்ல வேலை. அதனால ஊர்ல எந்தப் பொருளை மாட்டணும்னாலும், கழட்டணும்னாலும் அவரைத்தான் கூப்புடுவாங்க. அவரும் டெஸ்டரைச் சட்டைப் பையில குத்திக்கிட்டு வந்துருவாரு. டிரம்ஸ் மாட்ட எதுக்கு டெஸ்டருன்னு யாரும் கேக்கல.

பெட்டிக்குள்ள ஒரு காகிதம் இருந்துச்சு. முழுக்க சீனாக்கார எழுத்து. மாமா அதை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு மடிச்சு வச்சுட்டாரு. பெரிய பெட்டி மேல டிரம்ஸோட கலர் படம் ஒண்ணு போட்டிருந்துச்சு. அந்தப் பெட்டியைச் சுவத்துல சாய்ச்சு வச்சு, அதுக்கு நேர் எதிர்ல வாசிக்கிறவங்க உக்கார்ற வட்ட ஸ்டூலைப் போட்டு, ராஜா மாதிரி உக்காந்துக்கிட்டாரு. படத்துல வலது பக்கம் இருக்கிறதை அவருக்கு வலது பக்கம் வைக்கச் சொன்னாரு, இடது பக்கம் இருக்கிறதை இடது பக்கம். அப்பாவும் கீபோர்டு அண்ணனும் தூக்கித் தூக்கி வச்சாங்க. சாயங்காலத்துக்குள்ள படத்துல இருந்த மாதிரியே வந்துருச்சு. எல்லாரும் மாமாவுக்குக் கை குடுத்தாங்க.

என்ன அழகு தெரியுமா அது! நல்ல மாதுளம்பழ செவப்பு. நடுவுல படுத்துக்கிடக்குமே, பெரிசா, அதுதான் பேஸ் டிரம். அதைக் கையால அடிக்கக்கூடாது. கால்ல பெடலை மிதிச்சா ஒரு உருண்டை வந்து 'தும்'னு குத்தும். நம்ம நெஞ்சுக்குள்ள குத்துற மாதிரியே இருக்கும். அது மேல ரெண்டு டாம், அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துல பக்கத்துல. தரையில மூணு கால்ல நிக்கிறது ஃப்ளோர் டாம். அடிச்சா மாடி மேல யாரோ கட்டிலை நகத்துற சத்தம் வரும். உக்கார்ற இடத்துக்கு முன்னால ஸ்னேர். அப்புறம் தட்டுங்க. ஒரு கம்பியில தனியாத் தொங்குற பெரிய தட்டு, அதுக்குப் பேரு கிராஷ். இன்னொரு கம்பியில ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு தட்டு, அதுதான் ஹை-ஹேட். கீழ இருக்கிற பெடலை மிதிச்சா ரெண்டும் வாயை மூடிக்கும், விட்டா திறக்கும்.

மாட்டிட்டமே தவிர எதைப் பத்தியும் எவனுக்கும் ஒண்ணும் தெரியாது. ஹை-ஹேட்டோட ரெண்டு தட்டையும் ஒரே பக்கமாக் கவுத்து மாட்டியிருந்தாங்க, பந்தியில தட்டு அடுக்குற மாதிரி. ஒரு வாரம் 'சொத் சொத்'னு சத்தம் வந்துச்சு. அப்புறம் கீபோர்டு அண்ணன் கீழ்த்தட்டைத் திருப்பிப் போட்டப்புறம்தான் 'ச்சிக்'னு வந்துச்சு. ஸ்னேருக்கு அடியில சுருள் சுருளாக் கம்பி இருக்கும். பாஸ்டர் ஐயா மைக்குல அடித்தொண்டையில பேசினா அது தன்னால 'கிர்ர்'ருங்கும். ரெண்டு ஞாயித்துக்கிழமை பொம்பளைங்க எல்லாம் தேனீ நுழைஞ்சிருச்சுன்னு முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு மேல மேல பாத்துட்டு இருந்தாங்க. பேஸ் டிரம்மு மிதிக்க மிதிக்க முன்னால நகரும். மூணு பாட்டு முடியிறதுக்குள்ள பீடத்துப் படிக்கட்டுக்கே போயிரும். கோணிச்சாக்கு போட்டு, செங்கல்லு வச்சு நிறுத்தினாங்க. சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு உள்ள ஒரு தலையணை வேற வச்சாங்க. யாரோட தலையணை? என்னோடது.

வாசிக்கத்தான் ஆளு இல்ல. கீபோர்டு அண்ணன் டிவியில பாத்த மாதிரி கையைக் குறுக்க போட்டு உக்காருவாரு. ரெண்டு நிமிஷத்துல கை ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் சிக்கிக்கும். வலது கால் பெடலைத் தேடிப் போகும், அங்க ஹை-ஹேட்டு பெடல் இருக்கும். நானும் உக்காந்து பாத்தேன். எனக்கு அது மேல அப்படி ஒரு ஆசை. பாயில படுத்துக்கிட்டே தொடையில தாளம் போட்டுப் பழகுவேன். ஆனா ஸ்டூல்ல உக்காந்தா மண்ணு மாதிரி ஆயிடுவேன். மாமா சொன்னாரு, இதெல்லாம் ரொம்ப கஷ்டமான வாத்தியம், லேசுல வராதுன்னு.

அப்புறம் ஒரு நாள் பாட்டு பிராக்டிஸ் முடிஞ்சு நாங்க பாய் சுருட்டிட்டு இருக்கும்போது பின்னால இருந்து 'தும் டக், துதும் டக்'னு கேக்குது. திரும்பிப் பாத்தா அக்கா. அவ அதுக்கு முன்னாடி அந்த ஸ்டூல்ல உக்காந்ததே இல்ல. யாரும் சொல்லித்தரவும் இல்ல. என்னமோ பொறந்ததுல இருந்து வாசிக்கிறவ மாதிரி, தலையை லேசா சாய்ச்சுக்கிட்டு அடிக்கிறா. கீபோர்டு அண்ணன் ஓடிப்போய்க் கீபோர்டை ஆன் பண்ணாரு.

எங்க அக்காவைப் பத்தி உங்களுக்குத் தெரியும். எதைச் செஞ்சாலும் கோணலாச் செய்வா. கோலம் போட்டா புள்ளி ஓடும், நோட்டுல எழுத்து சாஞ்சு படுத்துக்கும். காரணம் அவளுக்கு எல்லாமே இடது கைதான் முதல்ல வரும். அதை அம்மா விடமாட்டாங்க. காணிக்கைப் பையில காசு போடும்போது பீச்சாங்கை நீட்டுனா கடவுளுக்கே அவமரியாதை, நாளைக்குப் போற வீட்ல நாலு பேருக்குப் பரிமாறும்போது நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்கன்னு பயம். திட்டமாட்டாங்க, அடிக்கவும் மாட்டாங்க. "கை"ன்னு ஒரே ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு நாப்பது தடவை கேக்கும் எங்க வீட்ல அந்த வார்த்தை. அக்கா உடனே கரண்டியை, பென்சிலை, சீப்பை மாத்திக்குவா.

டிரம்ஸுக்கு மட்டும் அம்மா ஒண்ணும் சொல்லல. அது ரெண்டு கையாலயும் அடிக்கிற வேலை, இதுல எது சோத்துக்கை எது பீச்சாங்கைன்னு யாரு கண்டா? செப்டம்பர், அக்டோபர் ரெண்டு மாசத்துல எங்க அக்கா ஆளே மாறிட்டா. நிமுந்து நடந்தா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் துறைமுகத்து ஆளுங்க கூட வந்து அவளைப் பாத்துட்டுப் போவாங்க. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஏழு பாட்டு, ஏழுக்கும் அவதான்னு பாஸ்டர் ஐயா சொல்லிட்டாரு. அவ தூக்கத்துல கூட கால் ஆட்டுவா. அந்த ஏழு பாட்டுதான் அவளுக்கு உலகம்.

எனக்குக் கெடச்ச வேலை என்ன தெரியுமா? தட்டு தேய்க்கிறது. வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி புளியும் மண்ணும் போட்டு வாராவாரம் தேச்சேன். தங்கமா மின்னுச்சு. தட்டுல எழுதியிருந்த கம்பெனி பேரு மட்டும் காணாமப் போச்சு.

நவம்பர்ல சிதம்பரத்துல ஒரு கல்யாணம். அம்மா வழியில ஒரு சின்னம்மாவுக்கு. அப்ப ரயில் பாதையை அகலமாக்குறாங்கன்னு ரயில் கிடையாது, பஸ்ஸுலதான் போனோம். நல்ல மழை. ஜன்னல் ஷட்டரை எறக்கினா மூச்சு முட்டும், ஏத்தினா தொப்பல்தான். அக்காவுக்குப் பரீட்சை, அவ வரல. மேலவீதிக்குப் பின்னால இருந்த மண்டபத்துல ரிசப்ஷன். லைட் மியூசிக் வச்சிருந்தாங்க. சாப்பாட்டு ஹாலுக்குப் போற வழி மேடைக்குப் பின்னால. முதல் பந்தி முடியலன்னு எங்களை அங்கயே நிக்க வச்சுட்டாங்க. எனக்கு நேர் முன்னால டிரம்ஸ் வாசிக்கிறவரோட முதுகு.

அன்னைக்குத்தான் முதல் தடவையா டிரம்ஸைப் பின்னால இருந்து பாத்தேன். ஹை-ஹேட்டு அவருக்கு இடது பக்கம் இருக்கு. ஃப்ளோர் டாம் வலது பக்கம். வலது கால் பேஸ் டிரம் பெடல்ல. நம்மளோடது அப்படியே தலைகீழ். நான் மேடைக்கு முன்னால ஓடிப்போய் பாத்தேன். அங்க இருந்து பாத்தா பெட்டி மேல இருந்த படம் மாதிரியே இருக்கு. திரும்பப் பின்னால ஓடியாந்தேன். அப்பதான் உறைச்சுது. அந்தப் படம் எதிர்ல நிக்கிறவங்க பாக்குற படம். மாமா வாசிக்கிறவரு எடத்துல உக்காந்துக்கிட்டு அதைப் பாத்து மாட்டியிருக்காரு. வலதெல்லாம் இடது, இடதெல்லாம் வலது. எங்க சர்ச்சு மொத்தமும் திணறினது அதனாலதான். அக்காவுக்கு மட்டும் தண்ணி பட்ட பாடா வந்ததும் அதனாலதான். பீச்சாங்கைக்காரிக்கு அளவெடுத்து வச்ச மாதிரி அமைஞ்சு போச்சு.

இதை நான் அக்காகிட்டத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். சொன்னா எவ்ளோ சிரிச்சிருப்பா. ஆனா ஊருக்கு வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை பாஸ்டர் ஐயா பிரசங்கத்துக்கு நடுவுல, கர்த்தர் இந்தப் பிள்ளைக்குக் குடுத்த வரம்னு அக்காவை எழுந்து நிக்கச் சொல்லி எல்லாரையும் கை தட்ட வச்சாரு. அதுக்கு முதல் நாள்தான் அவ மேடையில உக்கார்றவன்னு அவளுக்குப் புதுச் சுடிதார் எடுத்திருந்தாங்க. எனக்கு அவளோட போன வருஷத்துத் துணி. வயிறு எரிஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன், அப்படியே பத்தி எரிஞ்சுது. வெளியில டீ குடிச்சிட்டு இருந்த மாமாகிட்ட நேராப் போய், நம்ம டிரம்ஸை மாத்தி மாட்டியிருக்கீங்க, சிதம்பரத்துல வேற மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். வரம் ஒண்ணும் இல்ல, வலது இடது மாறினதுதான்னும் சேத்துச் சொன்னேன்.

மாமாவுக்கு முகம் செத்துப் போச்சு. ஊரு பூரா மாட்டிக்குடுக்கிற ஆளு பாருங்க. அப்புறம் கீபோர்டு அண்ணனைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்காரு. அவருக்குச் சிதம்பரத்துல கூடப் படிச்ச சிநேகிதர் ஒருத்தர், கச்சேரியில டிரம்ஸ் வாசிக்கிறவரு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்தச் சிதம்பரத்து அண்ணன் குச்சியைப் பேண்ட்டு பின் பாக்கெட்டுல சொருகிக்கிட்டு வந்து எறங்கினாரு. டிரம்ஸைப் பாத்ததும் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "மச்சான், கண்ணாடியைப் பாத்து மாட்டுனீங்களாடா?"ன்னாரு. பத்தே நிமிஷம், எல்லாத்தையும் பக்கம் மாத்திட்டாரு. உக்காந்து வாசிச்சாரு. சும்மா சொல்லக்கூடாது, சர்ச்சே ஆடுச்சு. அடுத்து கீபோர்டு அண்ணன் உக்காந்தாரு, அரை மணியில ஒரு தாளம் பிடிச்சுட்டாரு.

அப்புறம் அக்கா உக்காந்தா. கால் ஒரு பக்கம் தேடுது, கை ஒரு பக்கம் தேடுது. குச்சி குச்சியில மோதுது. முதல் பாட்டே பாதியில நின்னு போச்சு. ரெண்டாவது தடவை ஆரம்பிச்சா, நின்னு போச்சு. அக்கா மெதுவா, தனக்கு மட்டும் வாசிக்கும்போது முந்தி மாதிரி மாத்தி வச்சுக்கட்டுமான்னு மாமாகிட்ட கேட்டா. மாமா முடியாதுன்னுட்டாரு. தெரிஞ்சவன் வந்து முறையா மாட்டியிருக்கான், ஒருத்திக்காகச் சர்ச்சு சாமானை இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது, வலது கையில பழகிக்கோ, இந்தக் கிறிஸ்துமஸுக்கு இந்தத் தம்பியே வந்து வாசிக்கட்டும்னு முடிச்சுட்டாரு. அக்கா குச்சியை ஸ்னேர் மேல வச்சுட்டு எறங்கி வந்துட்டா. அந்தச் சின்ன 'கிர்ர்' சத்தம் இன்னும் என் காதுல கெடக்கு.

வீட்ல அவ அழல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். அன்னைக்குச் சாயங்காலம் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டோம். அக்கா ஜல்லிக்கரண்டியை இடது கையில எடுத்தா. அம்மா பாக்கும்போதே, அம்மாவைப் பாத்துக்கிட்டே எடுத்தா. எண்ணெயில இருந்து ஒவ்வொரு முறுக்கா உடையாம எடுத்து வச்சா. அம்மா வாயைத் திறந்தாங்க. அந்த வார்த்தை வரும்னு நானும் காத்திருந்தேன். வரல. அடுப்பைத் தணிச்சு வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க.

கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையில பூ அலங்காரம் அம்மா முறை. ஆறரை மணிக்கு என்னை மட்டும் எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. சம்பங்கிக் கூடையைப் பீடத்துக்கிட்ட வச்சுட்டு நேரா டிரம்ஸ்கிட்ட போனாங்க. "முந்தி எது எது எங்க இருந்துச்சு, உனக்குத் தெரியுமில்ல? சொல்லு"ன்னாங்க.

எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அம்மா பட்டுப்புடவையை இடுப்புல சொருகிக்கிட்டு இழுத்தாங்க. அவங்க ஃப்ளோர் டாமுக்கு முன்னால குனிஞ்சப்ப எனக்குத் தாங்கல. நான்தான்மா மாமாகிட்ட சொன்னேன்னு சொல்லிட்டேன்.

"தெரியும். அந்தக் காலைப் புடி."

அவ்ளோதான் சொன்னாங்க. நான் ஃப்ளோர் டாமோட காலைப் புடிச்சேன். பாதி வேலை ஆகும்போது மாமா உள்ள வந்தாரு. என்ன பண்றன்னு கேட்டாரு, கோவமாத்தான் கேட்டாரு. சர்ச் கமிட்டியிலயும் பேசி முடிவு பண்ணியாச்சுன்னாரு. அம்மா அவரை எதிர்த்துப் பேசி நான் பாத்ததே இல்ல. அன்னைக்கும் குரலை உயர்த்தல.

"அண்ணே, அப்பா என் இடது கையைத் தூண்ல கட்டிப் போட்டுட்டு எழுதச் சொல்லுவாரே, ஞாபகம் இருக்கா? அவரு அந்தப் பக்கம் போனதும் கயித்தை அவுத்து விட்டது யாரு?"

மாமா அம்மாவோட இடது கையைப் பாத்தாரு.

"நீதானே. நான்தான் அதை மறந்துட்டு என் பொண்ணு கையைக் கயிறே இல்லாம கட்டிப் போட்டுட்டு இருந்தேன்."

எங்க அம்மா பீச்சாங்கைக்காரின்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். மாமா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. ரொம்ப நேரம் தொடைச்சாரு. அப்புறம் வந்து ஹை-ஹேட்டு ஸ்டாண்டை அவரே தூக்கி வலது பக்கம் வச்சாரு. கோணிச்சாக்கை இழுத்து விட்டாரு. செங்கல்லைக் கூட அவரே நகத்தி வச்சாரு.

சிதம்பரத்து அண்ணன் முதல் பஸ்ஸைப் புடிச்சு வந்தவரு, டிரம்ஸைப் பாத்ததும் திரும்பவுமான்னு தலையில கை வச்சாரு. மாமா அவரைத் தனியாக் கூட்டிட்டுப் போய்ப் பேசினாரு. மனுஷன் முகம் கூட சுளிக்கல. பாயாசமும் பிரியாணியும் உண்டுதானேன்னு கேட்டுட்டு, அந்தச் சலங்கை உதிர்ந்த டாம்பரினை எடுத்துக்கிட்டு ஓரமா உக்காந்துட்டாரு. ஏழு பாட்டுக்கும் சிரிச்சுக்கிட்டே தட்டினாரு.

அக்கா பாட்டுக்குழுவோட கடைசியா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தா. புதுச் சுடிதாரைப் போட மாட்டேன்னு அடம் பிடிச்சுப் பழசைத்தான் போட்டிருந்தா. மாமா ஸ்டூலைக் காட்டினாரு. அவ நிமுந்து பாத்தா. ஒவ்வொண்ணா, தட்டு, டாம், பெடல்னு எண்ணுற மாதிரி பாத்தா. போய் உக்காந்தா. இடது காலைப் பெடல்ல வச்சா. முதல் பாட்டுல ரெண்டு எடத்துல தப்பு விட்டா, மூணாவது பாட்டுல இருந்து ஒரு தப்பு கெடையாது. பாஸ்டர் ஐயா கூட பாடாம அவளையே பாத்துட்டு நின்னாரு. பொம்பளைங்க பக்கத்துல உக்காந்திருந்த எங்க அம்மா ஏழு பாட்டு முடியிற வரைக்கும் பாட்டுப் புஸ்தகத்தைத் திறக்கவே இல்ல.

ஆராதனை முடிஞ்சு எல்லாரும் கேக்கு வாங்க வெளியில போனப்ப நான் அக்கா பக்கத்துல போனேன். மாமாகிட்ட போட்டுக் குடுத்தது நான்தான்னு சொன்னேன். பொறாமையிலதான் சொன்னேன்னும் சொன்னேன். அவ குச்சியைக் கீழ வச்சுட்டு, என் மண்டையில நங்குன்னு ஒரு குட்டு வச்சா. கண்ணுல பொறி பறந்துச்சு. பன்னெண்டு வருஷமா அவகிட்ட அடி வாங்கியிருக்கேன், ஒரு தடவை கூட அப்படி வலிச்சதில்ல. இத்தனை நாளா அவ என்னை வலது கையாலதான் அடிச்சிருக்கா.